பாதி திரும்பும் கைப்பிடி

மூட்டுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கப்போகிற என் வயதுக்காரர்களே, உங்களுக்குத்தான் சொல்கிறேன். சின்னவர்களிடம் இந்தக் கதையை ஆரம்பித்தால் முதல் வரியிலேயே “அந்த வண்டி லிட்டருக்கு எவ்வளவு போகும்?” என்று கேட்டு ஆளை உட்கார வைத்துவிடுகிறார்கள். நீங்கள் அப்படிக் கேட்க மாட்டீர்கள். கேட்டாலும் எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த வண்டி எப்படியெல்லாம் நின்றது என்பதுதான்.

அறுபதுகளின் தொடக்கம். பழனி மலையின் மேல்புறத்தில், பூண்டியில் எங்கள் வீடு. பூண்டு பிடுங்கிக் கட்டுக் கட்டாகப் பரணில் தொங்கவிட்டுக் கீழே புகை போட்டிருந்த சமயம். அந்த நாட்களில் எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோர் தலையிலும் புகையும் பூண்டும் கலந்த வாடை அடிக்கும். நாலாம் வகுப்பு வாத்தியார் மூக்கில் துண்டை வைத்துக்கொண்டுதான் பாடம் நடத்துவார். அவர் கீழ்நாட்டுக்காரர், பாவம்.

ஒரே வளவுக்குள் இரண்டு வீடு. ஒன்றில் அப்பா, அம்மா, நான். இன்னொன்றில் அப்பாவின் தம்பியும் அவர் மனைவியும், அதாவது என் சித்தப்பாவும் சித்தியும். அவர்களுக்குக் கல்யாணமாகி இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. சித்தப்பா பூண்டு லாரி ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒருநாள் தைலமரக் கட்டை ஏற்றும்போது ஒன்று உருண்டு வந்து வலது காலில் விழுந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கணுக்கால் மடங்குவது நின்றுபோயிற்று. லாரி போயிற்று. சரிவில் நின்று காட்டுவேலை செய்யவும் முடியாது. அப்பா அவரை ஒரு வேலையும் செய்யவிடவில்லை. “நீ உக்காருடா, நான் இருக்கேன்ல” என்பார். பாசத்தோடுதான் சொன்னார். ஒருவனை உட்கார வைத்துச் சோறு போடுவதில் எவ்வளவு கொடுமை இருக்கிறது என்பது அப்பாவுக்குக் கடைசிவரை தெரியாமலே போயிற்று.

அந்தச் சமயத்தில்தான் இத்தாலி வந்தது.

கொடைக்கானலில் ஒரு வெள்ளைக்கார வாத்தியார், ஊருக்குத் திரும்பிப் போகும்போது, தன் இத்தாலி மோட்டார் சைக்கிளை விற்க முடியாமல் கொட்டகையில் போட்டிருந்தார். ஓடாத வண்டியை யார் வாங்குவார்கள்? முன்பு அவருக்கு விறகு கொண்டுபோய் இறக்கிய பழக்கத்தில் சித்தப்பாவிடம் “எடுத்துக்கொண்டு போ” என்று சொல்லிவிட்டார். பாதி லாரியிலும், ரோடு கெட்டுப்போயிருந்த கடைசித் தூரம் குதிரையிலுமாக அது எங்கள் ஊருக்கு வந்தது. ஒரு குதிரையின் முதுகில் இரண்டு சக்கரம், இன்னொன்றின் முதுகில் சாக்கில் கட்டிய என்ஜின். சிவப்புப் பெட்ரோல் டேங்கைச் சித்தப்பா தானே தோளில் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டி வந்தார். கொண்டுவந்து இறக்கியதைப் பார்த்து அப்பா, “ஏலே, வண்டி வாங்கப் போறேன்னு போய் பழைய இரும்பு வாங்கிட்டு வந்துருக்கியேடா” என்றார்.

கூடவே ஒரு புத்தகமும் வந்தது. இத்தாலி பாஷை. அதில் ஒரு பக்கத்தில் வண்டியின் ஒவ்வொரு உறுப்பும் தனித்தனியாகக் காற்றில் நிற்பதுபோல வரைந்திருந்தது. வண்டி வெடித்துச் சிதறுகிற படம் என்றுதான் நான் நினைத்தேன். இப்படிப்பட்ட சாமானை வீட்டுக்குள் வைக்கலாமா என்று இரண்டு நாள் கிட்டப்போகவில்லை. சித்தப்பாவுக்கோ அந்தப் படமே போதுமாக இருந்தது. எழுத்தை விட்டுவிட்டுப் படத்தை மட்டும் பார்த்து, ஒரு பழைய போர்வையில் எல்லாவற்றையும் பரப்பி, துடைத்து, ஒவ்வொன்றாக மாட்டினார். நான் பயம் தெளிந்து பக்கத்தில் உட்கார்ந்து பார்ப்பேன். மண்ணெண்ணெயில் ஊறிய இரும்பின் வாடை எனக்கு இன்றைக்கும் பிடிக்கும். என் பெண் அதைக் கேட்டால் முகத்தைச் சுளிப்பாள்.

முதல் சிக்கல் கால். அந்த வண்டியில் கியர் வலது பக்கம். காலால் முன்னேயும் பின்னேயும் மிதித்து மாற்ற வேண்டும். மடங்காத கணுக்காலை வைத்துக்கொண்டு எங்கே மிதிப்பது? நல்லவேளையாகப் பிரேக் இடது காலில் இருந்தது. சித்தப்பா கொல்லர் பட்டறைக்குப் போய், ஒரு நீளக் கம்பியை வளைத்துக் கியர் மிதியில் பற்றவைத்து வாங்கிவந்தார். கம்பி டேங்குக்குப் பக்கத்தில் மேலே நீட்டிக்கொண்டிருக்கும். கையால் தள்ளினால் ஒரு கியர், இழுத்தால் ஒரு கியர். உச்சியில் பிடிக்க, உடைந்த கரண்டியின் மரப்பிடியை மாட்டியிருந்தார். ஓட்டும்போது குழம்பு கிண்டுவதுபோல இருக்கும்.

இரண்டாவது சிக்கல் காற்று. வண்டி கிளம்பியது, ஆனால் கறுப்புப் புகையாகக் கக்கியது. பிளக்கைக் கழற்றினால் அடுப்புக்கரி. சித்தப்பா நாலைந்து நாள் யோசித்துவிட்டுக் கடைசியில், “இது சமுத்திரக் கரையில ஓடுன வண்டி பாப்பா. நம்ம மலையில காத்து இளைச்ச காத்து. அங்க குடிக்கிற அளவு பெட்ரோல இங்க குடிச்சா இதுக்குச் செரிக்கல” என்றார். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் வருகிற பித்தளைத் துளையை ஈயத்தால் அடைத்து, சித்தி பூ கோக்க வைத்திருந்த ஊசிகளில் ஆக மெல்லிய ஊசியைக் காய்ச்சி, சின்னதாக வேறொரு துளை போட்டார். இரண்டு ஊசி முறிந்தது. மூன்றாவது ஊசியில் புகை நின்றுபோய் வண்டி கணீரென்று பேச ஆரம்பித்தது. அந்தச் சத்தத்தில் ஊர்க் குதிரைகள் பூண்டு மூட்டையோடு காட்டுக்குள் ஓடியதும், குதிரைக்காரர்கள் வளவுக்கு வந்து ஏசியதும் தனிக்கதை.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். கொடைக்கானலில் டாக்சிகளும் பஸ்களும் பழுதுபார்க்கிற ஒரு ஒர்க்‌ஷாப் இருந்தது. அதன் முதலாளியிடம் சித்தப்பா வேலை கேட்டிருந்தார். அந்த முதலாளியின் ஆட்கள் ஏற்கெனவே இந்த இத்தாலி வண்டியைப் பார்த்துக் கைவிட்டவர்கள். அதனால் அவர், “அந்தச் செத்த வண்டிய ஓட்டிக்கிட்டு வந்து என் வாசல்ல நிறுத்து. அன்னைக்கே உனக்கு வேலை” என்று சொல்லியிருந்தார். வாரத்துக்கு ஒருதரம் ஊருக்கு வந்து போகலாம். சித்தப்பாவுக்கு அது வெறும் வேலை இல்லை. அண்ணன் கையைப் பார்க்காமல் ஒருவாய்ச் சோறு தின்பதற்கு அவருக்கு இருந்த ஒரே வழி அதுதான்.

சித்தி ஒன்றும் சொல்லவில்லை. சித்தி எப்போதுமே ஒன்றும் சொல்லாதவள்தான். அவளுடைய சொந்த அண்ணன் பூண்டு லாரியில் கிளீனராக இருந்தவர். வத்தலக்குண்டுக்கு இறங்குகிற மலைரோட்டில் லாரி கட்டுப்பாடில்லாமல் வேகமெடுத்துப் பள்ளத்தில் போய்விட்டது. அன்று காலையில் அவருக்குக் கட்டுச்சோறு கட்டிக் கொடுத்தவள் சித்தி. அப்போது அவளுக்குக் கல்யாணமாகவில்லை. இதெல்லாம் வளவில் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தும், சித்தப்பா வண்டியை உதைத்துக் கிளப்பும்போதெல்லாம் சித்தியின் முகம் எப்படி இருக்கிறது என்று ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. நாங்கள் எல்லோரும் வண்டியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தோம்.

நாள் குறித்தாயிற்று, ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தின வாரத்தில் வண்டிக்குப் புதிதாக ஒரு நோய் வந்தது. கிளம்பும். ஊர்க் கோயில் வளைவுவரை நன்றாகப் போகும். அங்கே இரண்டு இருமல் இருமிவிட்டு நின்றுவிடும். சித்தப்பா பிளக்கை மாற்றினார், ஒயரை மாற்றினார், பெட்ரோல் குழாயை வாயால் ஊதிப் பார்த்தார். கடைசியில் கார்புரேட்டரின் அடிக்கிண்ணத்தைக் கழற்றினால், பெட்ரோலுக்கு அடியில் முத்து முத்தாகத் தண்ணீர்.

“பனிதான்” என்றார் சித்தப்பா. “ராத்திரி பூராம் மூடுபனி எறங்குது. டேங்குக்குள்ள காத்து இருந்தா, அந்தக் காத்து குளுந்து தண்ணியாயிருது.”

யாரும் மறுக்கவில்லை. அந்த வருஷம் அப்படித்தான் பனி. எதிர்வீட்டு விளக்கு தெரியாது, காயப்போட்ட துணி மூன்று நாளானாலும் காயாது. சித்தப்பா டேங்கை எப்போதும் நிரப்பி வைத்துப் பார்த்தார். வெள்ளைக்கார வாத்தியார் விட்டுப்போன பழைய தொப்பியில் பெட்ரோலை வடிகட்டி ஊற்றிப் பார்த்தார். அந்தத் தொப்பித் துணி தண்ணீரைத் தடுக்கும் என்று லாரிக்காரர்கள் யாரோ சொன்னார்களாம். ராத்திரியில் டேங்குக்குக் கம்பளி போர்த்தினார். “வண்டிக்குப் போத்திவிட்டுட்டு இவன் குளிர்ல படுக்கான்” என்று அப்பா எங்கள் வீட்டுக்குள் உட்கார்ந்து சிரித்தார்.

அந்தத் திங்கட்கிழமை காலையில் வண்டி கோயில் வளைவைத் தாண்டிவிட்டது. ஊரே கைதட்டியது. ஆனால் மன்னவனூருக்கு இந்தப் பக்கமே நின்றுவிட்டது. காய்கறி லாரிக்காரர் சித்தப்பாவையும் வண்டியையும் திரும்பக் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். லாரியிலிருந்து இறங்கும்போது சித்தப்பா யாரையும் பார்க்கவில்லை. அப்பா கிட்டப்போய், “விடுடா, ஒனக்கென்ன கொறச்சல் இங்க” என்று தோளைத் தட்டினார். அந்தக் கையைச் சித்தப்பா மெதுவாக எடுத்துவிட்டது எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. முதலாளியிடமிருந்து அந்த லாரிக்காரர் மூலமாகவே பதில் வந்தது. அடுத்த திங்கட்கிழமை வரைக்கும் பார்ப்பாராம். அதற்குமேல் வேறு ஆள் போட்டுக்கொள்வாராம்.

அந்த வாரம் முழுக்கச் சித்தப்பா வண்டியோடு பேசிக்கொண்டிருந்தார். சனிக்கிழமை சாயங்காலம், இனிமேல் ஒட்டுப்போடுகிற வேலை ஆகாது என்று டேங்கையே கழற்றிவிட்டார். “பாப்பா, அந்தப் பேசினப் பிடி” என்றார். எங்கள் வீட்டு வெள்ளைப் பீங்கான் பேசினை நான் பிடிக்க, டேங்கைக் கவிழ்த்தார். பெட்ரோல் மேலே நின்றது, தண்ணீர் அடியில் ஒதுங்கியது. அந்தத் தண்ணீருக்குள் என்னவோ ஒரு சின்னத் துரும்பு. சித்தப்பா விரலால் ஒற்றி எடுத்தார். வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பல்லில் வைத்துக் கடித்தார். துப்பிவிட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். பிறகு மறுபடியும் பேசினைக் கிளறி இன்னொன்றையும் எடுத்தார்.

அது சீரகம்.

எங்கள் வீட்டில் சுக்குத் தண்ணீர்தான் குடிப்போம். சித்தப்பாவுக்கு வயிறு ஊதும் என்று சித்தி வீட்டில் மட்டும் சீரகம் போட்டுக் காய்ச்சிய தண்ணீர்.

“ஏ, இங்க வா” என்று கூப்பிட்டார். சித்தி கையைத் துடைத்துக்கொண்டு வந்தாள். சித்தப்பா விரல் நுனியை அவள் பக்கம் நீட்டினார்.

“நம்ம ஊரு மூடுபனி என்ன, சீரகம் போட்டுக் காச்சித்தான் எறங்குதா?”

சித்தி விரலைப் பார்த்தாள், பேசினைப் பார்த்தாள். அழவில்லை. மழுப்பவும் இல்லை.

“நாந்தாங்க ஊத்துனேன்.”

“ஏன்? நான் போகக் கூடாதுன்னா வாயத் தொறந்து சொல்லியிருக்கலாம்ல?”

“போகக் கூடாதுன்னு ஊத்தலங்க” என்றாள் சித்தி. “வெரசாப் போகக் கூடாதுன்னுதான் ஊத்துனேன். மோருல தண்ணி விட்டா புளிப்பு தணியுதுல்ல? அது மாதிரி இதுவும் கொஞ்சம் தணிஞ்சு ஓடும்னு நெனச்சேன்.”

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சித்தப்பா முறைத்தார். அடக்கிக்கொண்டேன்.

“போன திங்கக்கெழம நடுரோட்டுல நின்னு போச்சே, அப்பவாச்சும் தெரிய வேண்டாமா?”

“கொஞ்சம் கூடப் போயிருச்சு போலன்னு நெனச்சேங்க. இந்தத் தடவ கொறச்சுத்தான் ஊத்தியிருக்கேன்.”

இதைக் கேட்டவர்கள் எல்லோரும் சித்தியை விவரமில்லாதவள் என்றுதான் சொன்னார்கள். என் அம்மாவே சொன்னாள். நானும் ரொம்ப காலம் அதை ஒரு வேடிக்கைக் கதையாகத்தான் சொல்லித் திரிந்தேன். இப்போது யோசித்தால் அதில் விவரமில்லாதது எதுவும் இல்லை. காரத்துக்கு, புளிப்புக்கு, சாராயத்துக்குக்கூட வீரியத்தைக் குறைக்க என்ன செய்கிறோமோ அதைத்தான் அவள் செய்தாள். புருஷனுக்கு அந்த வேலை எவ்வளவு வேண்டும் என்று அவளுக்குத் தெரியும். அவன் போகவும் வேண்டும், போய்ச் சேரவும் வேண்டும். இரண்டுக்கும் நடுவில் தன் கையில் என்ன இருக்கிறது என்று தேடியவளுக்கு ஒரு செம்புத் தண்ணீர்தான் கிடைத்திருக்கிறது.

சித்தப்பா சத்தம் போடுவார் என்று நான் காத்திருந்தேன். அவர் பேசினைத் தள்ளிவைத்தார். பிறகு, “எம்புட்டு வேகம் போனா ஒனக்குப் பயம்?” என்று கேட்டார். நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேட்டார். சித்தி யோசித்து, “குதிர ஓடுற அளவு போகலாம்” என்றாள். “மூட்ட இல்லாத குதிர” என்று தானே இரக்கப்பட்டுச் சேர்த்துக்கொண்டாள்.

ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சித்தப்பாவுக்கு அந்த வேலைதான். வண்டியின் வலது கைப்பிடியைத் திருகினால் வேகம் கூடும் இல்லையா? அந்தக் கைப்பிடி திரும்புகிற இடத்தில் துளை போட்டு ஒரு பித்தளை ஆணியை இறக்கினார். கைப்பிடி பாதிவரை திரும்பும். அங்கே ஆணியில் முட்டி நின்றுவிடும். சித்தியைக் கூப்பிட்டு, “நீயே திருப்பிப் பாரு” என்றார். சித்தி அதுவரை அந்த வண்டியைத் தொட்டதே இல்லை. முந்தானையில் கையைத் துடைத்துவிட்டு, இரண்டு கையாலும் பிடித்து, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினாள். பாதிக்குமேல் நகரவில்லை. இன்னொருதரம் திருகினாள். பிறகு என் அம்மாவையும் கூப்பிட்டுத் திருகிப் பார்க்கச் சொன்னாள்.

அம்மாவைத் திருகச் சொன்னதற்கும் ஒரு காரணம் இருந்தது. எனக்குக் காதில் சீழ். கொடைக்கானல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும் என்று அப்பா சொல்லிக்கொண்டே இருந்தார், நாள்தான் வரவில்லை. திங்கட்கிழமை வண்டியிலேயே என்னையும் கூட்டிப்போவதாகச் சித்தப்பா சொன்னபோது அம்மா முடியவே முடியாது என்றாள். இப்போது கைப்பிடியைத் திருகிப் பார்த்துவிட்டுத்தான் சரி என்றாள். அப்பா மட்டும் தலையில் அடித்துக்கொண்டார். “பொண்டாட்டிக்குப் பயந்து ஓடுற வண்டிக்கு ஆணி அடிச்ச மொத ஆளு எந்தம்பிதாண்டா” என்று வளவு கேட்கச் சொன்னார்.

திங்கட்கிழமை வெள்ளனே கிளம்பினோம். என் தலையில் கம்பளி மப்ளர், மடியில் அவித்த உருளைக்கிழங்கு. கோயில் வளைவு தாண்டியது. மன்னவனூர் தாண்டியது. பனி கன்னத்தில் ஈரமாக வந்து அடித்தது. வயலில் நின்றவர்கள் எல்லோரும் நிமிர்ந்து பார்த்தார்கள். ஒருவர் தன் குதிரையை எங்களுக்குப் பக்கத்தில் ஓட்டிக்கொண்டு கொஞ்ச தூரம் பேச்சுக் கொடுத்தபடியே வந்தார். அவ்வளவுதான் எங்கள் வேகம்.

ஒன்று சொல்ல வேண்டும். மேட்டில்தான் ஆணி தடுக்கும். இறக்கத்தில் ஆணி என்ன செய்யும்? கைப்பிடியைத் தொடாமலே வண்டி தானாக ஓடும். சித்தியின் அண்ணன் போனதும் இறக்கத்தில்தான். இது சித்திக்குத் தெரியாது, சித்தப்பாவுக்கு நன்றாகத் தெரியும். அன்று இறக்கம் வந்தபோதெல்லாம் அவர் சின்னக் கியருக்கு இழுத்து, இடது காலால் பிரேக்கை அழுத்திக்கொண்டே, மேட்டில் போன அதே வேகத்தில்தான் இறங்கினார். பின்னால் உட்கார்ந்திருந்த எனக்கு அது எரிச்சலாக இருந்தது. இறக்கத்திலாவது பறக்கலாம் என்று ஆசையோடு இருந்தவள் நான்.

பூம்பாறை தாண்டியதும் பெரிய ஏற்றம். பாதி ஏற்றத்தில் வண்டி முக்கியது. சித்தப்பா கரண்டிப் பிடியை இழுத்து முதல் கியருக்குக் கொண்டுவந்தார். கைப்பிடி ஆணியில் முட்டி நின்றது. அதற்குமேல் என்ஜினுக்குச் சக்தி இல்லை. நான் இறங்கினேன். அப்படியும் ஏறவில்லை. சித்தப்பாவும் இறங்கி, என்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போதே, பக்கத்தில் நடந்து தள்ள ஆரம்பித்தார். மடங்காத காலைச் சரளையில் ஊன்றும்போதெல்லாம் அது வழுக்கியது. தள்ளினார், நின்றார், மறுபடி தள்ளினார். அந்தக் குளிரில் அவர் கழுத்தில் வேர்வை ஓடியது. சூரியன் மரத்துக்கு மேலே வந்துவிட்டது. நேரமாகிறது என்று எனக்கே தெரிந்தது.

“சித்தப்பா, அந்த ஆணிய எடுத்துருங்க” என்றேன். “ஏத்தம் ஏறுனதும் திரும்பப் போட்டுக்கலாம். சித்திக்குத் தெரியவா போகுது?”

குறடு அவர் சட்டைப் பையிலேயே இருந்தது. ஒரு நிமிஷ வேலை. அவர் அதைத் தொட்டுக்கூடப் பார்க்கவில்லை.

“அவ இந்நேரம் நிம்மதியா அவ சோலியப் பாத்துக்கிட்டு இருப்பா” என்றார், மூச்சு வாங்கிக்கொண்டே. “ஆணி இருக்குங்கிற நெனப்புல. நான் இங்க கழட்டுனா அவ நிம்மதி பொய்யாப் போயிரும் பாப்பா. நீ பின்னாடி வந்து ஒரு கை குடு.”

தள்ளிக்கொண்டேதான் ஏறினோம். ஒன்பது வயதில் எனக்கு அது சுத்த முட்டாள்தனமாகத் தெரிந்தது. எனக்குக் கல்யாணமாகி, எனக்குத் தெரியாது என்ற தைரியத்தில் என் வீட்டுக்காரர் எத்தனை ஆணிகளைக் கழற்றினார் என்று பிற்பாடு தெரியவந்தபோதுதான் அந்த ஏற்றத்தை மறுபடி நினைத்துப் பார்த்தேன். உங்களில் சிலருக்கும் அப்படி இருக்கலாம். விடுங்கள், அது நம் வீட்டுக் கதை.

ஒர்க்‌ஷாப் வாசலில் நாங்கள் நின்றபோது முதலாளி குல்லாவும் ஸ்வெட்டருமாக வெளியே வந்து கைக்கடிகாரத்தைக் காட்டினார். “டைம் என்னய்யா? நீ வர மாட்டேன்னு வேற ஆளுக்கு இப்பத்தான் சொல்லி அனுப்பலாம்னு இருந்தேன்.” ஆனாலும் அவர் கண் வண்டியிலேயே இருந்தது. வேலையாட்கள் எல்லோரும் சுற்றி நின்றார்கள். செத்த வண்டி அவர்கள் முன்னால் நின்று புகையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது. கரண்டிப் பிடியைத் தொட்டுப் பார்த்து, “இந்த லீவர் ஐடியா யாரோடது?” என்று கேட்டார். சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். “நல்லாருக்குய்யா” என்றுவிட்டு முதலாளியே ஏறி ஒரு சுற்றுப் போனார். போனவர் ரொம்ப நேரம் கழித்து வந்தார், முகத்தைச் சுளித்துக்கொண்டு.

“என்னய்யா இது, பிக்கப்பே இல்ல. ஆக்சிலேட்டர் பாதிக்கு மேல வரமாட்டேங்குது. கேபிள் மாட்டிக்கிச்சா?” குனிந்து பார்த்தவர் ஆணியைக் கண்டுபிடித்துவிட்டார். “யாருய்யா இங்க ஆணி அடிச்சது?”

“நாந்தாங்க.”

“எதுக்கு?”

“வீட்டுல ஒரு ஏற்பாடுங்க” என்றார் சித்தப்பா.

முதலாளிக்கு விளங்கவில்லை. குறட்டை வாங்கி ஆணியைப் பிடுங்கித் தரையில் எறிந்துவிட்டு மறுபடி ஏறினார். இந்தமுறை வண்டி போட்ட சத்தத்தில் வேலையாட்கள் காதைப் பொத்திக்கொண்டார்கள். எனக்கோ ஒரு காதில் பஞ்சு. அவர் திரும்பி வந்தபோது காற்றில் கண்ணெல்லாம் தண்ணீர், வாயெல்லாம் சிரிப்பு. “சூப்பர்யா! இப்படியில்ல ஓடணும் இது. நீ புதன்கிழமை வந்து ஜாயின் பண்ணிக்க.”

சித்தப்பா கும்பிட்டார். கும்பிட்ட கையோடு குனிந்து, ஆயில் ஊறிய மரத்தூளுக்குள் விரலைவிட்டு, போல்ட்டும் வாஷருமாகக் கிடந்ததற்கு நடுவில் அந்த ஆணியைத் தேடி எடுத்தார். துடைத்தார். பழைய துளையில் வைத்துத் தட்டி இறக்கினார்.

“பைத்தியமாய்யா உனக்கு?” என்றார் முதலாளி.

“இல்லிங்க. வண்டி எங்க வீட்டுக்குல்ல போகணும்” என்றார் சித்தப்பா.

ஆஸ்பத்திரியில் காதுக்குச் சொட்டுமருந்து போட்டார்கள், எரிந்தது. திரும்புகிற வழியெல்லாம் அதே குதிரை வேகம். அந்த வண்டி பிறகு எத்தனையோ வருஷம் ஓடியது. மேல்மலை முழுக்க அதற்கு நத்தை என்று பெயர். சித்தப்பாவைப் பெண்டாட்டிக்குப் பயந்தவர் என்று ஊரே சொன்னது. என் அப்பா சாகும்வரை சொன்னார். அப்பா நல்லவர்தான், ஆனால் பயத்துக்கும் இதற்கும் வித்தியாசம் தெரியாதவர்.

அன்று சாயங்காலம் ஊருக்குள் நுழையும்போது பனி மறுபடி இறங்கிவிட்டது. சத்தம் கேட்டுச் சித்தி கோயில் வளைவுக்கே வந்து நின்றிருந்தாள். நாங்கள் வருவது அவளுக்கு அடுத்த மலையிலிருந்தே கேட்டிருக்கும். சித்தப்பா வண்டியை நிறுத்தினார். சித்தி நேராக வந்து கைப்பிடியைப் பிடித்தாள். திருகினாள். பாதியில் நின்றது. கையை எடுக்காமல் இன்னொருதரம் அழுத்தித் திருகினாள். நின்றது.

“வேல என்னங்க ஆச்சு?” என்று அதற்குப் பிறகுதான் கேட்டாள்.

“புதங்கெழம வரச் சொல்லிட்டாங்க.”

சித்தியின் கை இன்னும் கைப்பிடியில்தான் இருந்தது. அழுகிறாளா சிரிக்கிறாளா என்று பனியில் எனக்குத் தெரியவில்லை.

“அப்ப புதங்கெழம வெள்ளனே நான் ஒரு தடவ திருப்பிப் பாத்துக்கிறேன்” என்றாள்.

“பாத்துக்க” என்றார் சித்தப்பா.